பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை: அப்டேட்டுக்குப் பிறகு கடை நெட்வொர்க்கைச் சரிசெய்யும் வழி

இரவு நேர டேட்டாவில் விண்டோஸ் அப்டேட்டைப் போட்டுவிட்டுக் கடையை மூடுகிறீர்கள். காலையில் வந்து திறந்தால் இன்டர்நெட் ஓடுகிறது, வட்ஸ்அப் வருகிறது. ஆனால் உள்ளறைக் கணினியிலிருந்து கவுண்டர் கணினியின் ஃபோல்டர் திறக்கவில்லை. பிரின்டருக்கு அனுப்பிய தாளும் வரவில்லை. பிள்ளையின் பாடசாலை விண்ணப்பத்தை அச்சடிக்க ஆள் வந்து நிற்கிறார். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற டவுன்களில் உள்ள கொமியூனிகேஷன் கடை, டியூசன் நிலையம், தோட்டத்து ஒபிஸ் என இரண்டு மூன்று கணினிகளை ஒரே ரவுட்டரில் கோர்த்து வைத்திருக்கும் எந்த இடத்துக்கும் இந்தக் கோளாறு வரலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால், பழைய கணினியை 11க்கு மாற்றியவர்கள் முதல் நாளே இதில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

அவசரத்தில் ரவுட்டரை ரீசெட் செய்யாதீர்கள், ஃபயர்வோலை நிறுத்தாதீர்கள், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவும் வேண்டாம். முதலாவது, நன்றாக இருந்த அமைப்புகளையும் அழித்துவிடும். இரண்டாவது, கோளாறை மறைத்துக் கதவைத் திறந்துவிடும். மூன்றாவது, ஒரு நாள் உழைப்பைத் தின்றுவிட்டு அதே கோளாறைத் திரும்பத் தரும். கீழே சொல்லும் வரிசையில் பார்த்துக்கொண்டு போனால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் காரணம் பிடிபடும்.

கணினி பெயரைக் கண்டுபிடிக்கும் விதம்

நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு. 192.168.1.20 என்பது போல இருக்கும். நமக்கு எண் நினைவில் நிற்காது என்பதால் ‘கவுண்டர்-பிசி’ என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். அந்தப் பெயருக்கு உரிய எண்ணைக் கணினி தேடிப் பிடிக்கிற வேலைதான் அப்டேட்டுக்குப் பிறகு அடிக்கடி முறிந்துபோகிறது.

தோட்டத்தில் ஓர் ஆளைத் தேடிப் போனால் இரண்டு வழி உண்டு. ஒபிஸில் கேட்டால் செக்ரோலைப் பார்த்து, இன்ன லயம், இத்தனையாம் காம்பரா என்று சொல்வார்கள். இல்லாவிட்டால் லயத்து இஸ்தோப்பில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்; உரியவர் காதில் விழுந்தால் குரல் கொடுப்பார். கணினியும் இப்படித்தான் செய்கிறது. தன்னிடமே எழுதி வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் நினைவகத்தில் உள்ள பழைய பதில்களையும் பார்த்துவிட்டு, பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்கிறது. வீடுகளிலும் கடைகளிலும் அது பெரும்பாலும் ரவுட்டர்தான், அதுவே ஒபிஸ். நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுப்பது மற்ற வழி. அந்தக் குரலுக்கு மூன்று பாஷை உண்டு: எம்டிஎன்எஸ், எல்எல்எம்என்ஆர், நெட்பயோஸ். எம்டிஎன்எஸ் 5353ஆம் யூடிபி போர்ட்டிலும், எல்எல்எம்என்ஆர் 5355இலும், நெட்பயோஸ் 137இலும் பேசுகின்றன.

நெட்பயோஸ் மிகப் பழையது. மைக்ரோசொஃப்ட் அதையும் எல்எல்எம்என்ஆரையும் மெல்ல மெல்ல ஒதுக்கி, எம்டிஎன்எஸ் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. பழைய பாஷை மட்டும் தெரிந்த பிரின்டரும், நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டியும் புதிய விண்டோஸின் காதில் விழாமல் போவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இஸ்தோப்பில் நின்று போட்ட சத்தம் அடுத்த டிவிஷனுக்கு எட்டாது. இந்தக் குரல்களும் ஒரு ரவுட்டரைத் தாண்டி மறுபக்கம் போவதில்லை.

முதலில் எண்ணைப் பாருங்கள்

எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எண்ணால் போக முடிந்து பெயரால் போக முடியாவிட்டால் கோளாறு பெயரில் இருக்கிறது. எண்ணாலும் போக முடியாவிட்டால், பெயரை என்ன செய்தும் பிரயோசனமில்லை.

இங்கே கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கவுண்டர் கணினியில் விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ‘சிஎம்டி’ என்று தட்டி என்டர் அழுத்தினால் கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியில் உள்ள எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளறைக் கணினியிலும் இதையே செய்யுங்கள்.

இரண்டு எண்களிலும் முதல் மூன்று பகுதிகள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.1.20, மற்றது 192.168.1.34 என்றால் சரி. ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.8 என்றும் தொடங்கினால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. நேரே ‘இரண்டு ரவுட்டர்’ பகுதிக்குப் போங்கள். எண் 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேபிள், வைஃபை, நெட்வொர்க் டிரைவர் ஆகியவற்றைப் பாருங்கள்.

இனி உள்ளறைக் கணினியின் கறுப்புச் சாளரத்தில் ‘பிங்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கவுண்டரின் எண்ணைத் தட்டுங்கள். பிறகு அதே பிங், எண்ணுக்குப் பதிலாகப் பெயர்.

பெயரோடு போட்ட பிங்கின் முதல் வரியை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் கடைசி வரியில் ‘டைம்ட் அவுட்’ என்று கண்டதும் மூடிவிடுகிறார்கள். முதல் வரியில் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் வந்திருந்தால், பெயர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதற்குக் கீழே எத்தனை முறை டைம்ட் அவுட் வந்தாலும் பெயர் வேலையில் பிழை இல்லை. அந்த எண் தாளில் எழுதிய எண்தானா என்று ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் எங்கோ பழைய பதில் தங்கியிருக்கிறது. ‘எஃப்இ80’ என்று தொடங்கும் நீண்ட எண் வந்தாலும் பயப்பட வேண்டாம். அது ஐபிவி6 எண், பெயர் கிடைத்துவிட்டது. பழகிய எண்தான் வேண்டுமென்றால் பிங்குக்கும் பெயருக்கும் நடுவே கழித்தல் குறியோடு 4 சேருங்கள். ‘குட் நொட் ஃபைன்ட் ஹோஸ்ட்’ என்று ஒரே வரியில் முடிந்தால்தான் பெயர் கண்டுபிடிக்கப்படவில்லை.

எண்ணோடு போட்ட பிங்குக்குப் பதில் வராததை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸ் ஃபயர்வோல் பிங்கைத் தடுத்துவிட்டு மற்றதை விடலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள். ஃபோல்டர்கள் தெரிந்தாலும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டாலும், எண்ணால் வழி இருக்கிறது.

எண் போகிறது, பெயர் போகவில்லை

அப்டேட்டுக்குப் பிறகு முதலில் சந்தேகப்பட வேண்டியது நெட்வொர்க்கின் வகை. புதிய வைஃபை டிரைவர் ஏறியதும் விண்டோஸ் பழைய நெட்வொர்க்கையே புதியது என்று எண்ணிக்கொள்ளலாம். புதிய நெட்வொர்க் என்றால் அதைப் பொது இடமாக, அதாவது ‘பப்ளிக்’ என்று வைத்துக்கொள்ளும். பஸ் நிலையத்து வைஃபையில் நடந்துகொள்வது போல, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் இருந்துவிடும். செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ திறந்து, வைஃபை என்றால் அந்த இணைப்பின் ‘ப்ரொப்பர்ட்டீஸ்’, கேபிள் என்றால் ‘ஈதர்நெட்’ பக்கம் போய், ‘பிரைவேட் நெட்வொர்க்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

இரண்டு கணினியிலும் இதைச் செய்ய வேண்டும். கூப்பிடுகிற கணினியை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர். பதில் சொல்ல வேண்டியது அடுத்த கணினி. அது பப்ளிக்கில் கிடந்தால் இங்கே என்ன மாற்றியும் பயனில்லை. அதே வேளையில், வாடிக்கையாளர்களுக்கும் திறந்துவிட்ட வைஃபையில் கடைக் கணினியைப் பிரைவேட்டாக வைக்கக்கூடாது. அவர்களுக்கு ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போட்டுக்கொடுங்கள்.

அடுத்து அதே ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பக்கத்தில் ‘அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் ஷெயரிங் செட்டிங்ஸ்’. பிரைவேட் பிரிவின் கீழ் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷெயரிங்’ இரண்டையும் இயக்கி விடுங்கள். பப்ளிக் பிரிவில் இரண்டும் அணைந்தே இருக்கட்டும்.

எக்ஸ்ப்ளோரரின் இடதுபக்கம் ‘நெட்வொர்க்’ என்பதைத் திறந்தால் கணினிகள் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இரண்டு பின்சாய்கோட்டோடு பெயரைத் தட்டினால் திறக்கிறது என்றால், அது பெயர்க் கோளாறு அல்ல. அந்தப் பட்டியலைத் தயாரிப்பது வேறு சேவை. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையையும் அதை நம்பியிருந்த பட்டியல் முறையையும் புதிய நிறுவல்களில் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வேலையைச் செய்வது ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிக்கேஷன்’, ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ப்ரொவைடர் ஹோஸ்ட்’ என்ற இரண்டு சேவைகள். ஸ்டார்ட் மெனுவில் ‘சர்விசஸ்’ என்று தேடித் திறந்து, முதலாவதை இரட்டைக் கிளிக் செய்து, ஸ்டார்ட்டப் டைப்பை ‘ஆட்டோமேட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்’ என்று மாற்றி ஸ்டார்ட் கொடுங்கள். இரண்டாவதற்கும் அப்படியே.

பழைய பதிலை அழிக்க, ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ரொம்ப்ட்டை வலக்கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறங்கள். ‘ஐபிகான்ஃபிக்’, ஓர் இடைவெளி, முன்சாய்கோடு, அதை ஒட்டியே ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’. நெட்பயோஸ் நினைவகத்துக்கு ‘என்பிடிஸ்டாட்’, இடைவெளி, கழித்தல் குறி, பெரிய எழுத்து ஆர். சிற்றெழுத்து ஆர் போட்டால் அழிக்காது, புள்ளிவிபரம் மட்டும் காட்டும்.

இவ்வளவு செய்தும் பெயர் வரவில்லையா? பெயரின் கடைசியில் ஒரு புள்ளியும் ‘லோக்கல்’ என்ற சொல்லும் சேர்த்துப் பிங் செய்யுங்கள். அந்த வால் எம்டிஎன்எஸ்ஸுக்கென்றே 2013இல் ஒதுக்கப்பட்டது. அதைச் சேர்த்தால் கணினி ஒபிஸில் கேட்காமல் நேரே குரல் கொடுக்கும். புதிய பிரின்டர்களும் மேக் கணினிகளும் இந்தப் பாஷையில் பேசும். வாலோடு வருகிறது, வால் இல்லாமல் வரவில்லை என்றால் குறுக்குவழிகளை எல்லாம் வாலோடு மாற்றி எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். அது ஒட்டுப்போடும் வேலை அல்ல, முறையான வழியே.

டிஎன்எஸ் எண்ணையும் ஒரு தடவை பாருங்கள். ‘ஐபிகான்ஃபிக்’ என்பதோடு இடைவெளி விட்டு, முன்சாய்கோடும் ‘ஆல்’ என்ற சொல்லும் சேர்த்தால் ‘டிஎன்எஸ் சேர்வர்ஸ்’ என்ற வரி வரும். அங்கே 8.8.8.8 அல்லது 1.1.1.1 இருந்தால், யாரோ வேகத்துக்காகக் கையால் போட்டிருக்கிறார்கள். அவை உலகத்தின் பெயர்களை நன்றாகவே சொல்லும், உங்கள் கடைக் கணினியின் பெயர் அவற்றுக்குத் தெரியாது. ரவுட்டரின் பட்டியலை நம்பித்தான் இதுவரை பெயர் ஓடியது என்றால், டிஎன்எஸ்ஸைத் தானியங்கி நிலைக்கு மாற்றுங்கள். குரோம், ஃபயர்பொக்ஸ் உலாவிகளில் உள்ள ‘செக்கியூர் டிஎன்எஸ்’ அமைப்பும் ஆண்ட்ரொய்ட் 9இலிருந்து வரும் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பும் இப்படியே ரவுட்டரை விட்டுவிட்டு வெளியே கேட்கலாம். உலாவியில் மட்டும் பெயர் திறக்கவில்லை, கறுப்புச் சாளரத்தில் பிங் போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுவே.

விபிஎன் செயலி ஏதாவது இருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். வெளியே வாங்கிப் போட்ட வைரஸ் தடுப்புச் செயலிக்குத் தனி ஃபயர்வோல் இருந்தால், அதுவும் அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க்கைப் புதியது என்று எண்ணியிருக்கலாம். அதன் அமைப்பிலும் இந்த நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறியுங்கள்.

பெயரே பிழையாகவும் இருக்கலாம். கணினிப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும் வையுங்கள். தமிழ் எழுத்தும் இடைவெளியும் வேண்டாம். நெட்பயோஸ் 15 எழுத்துக்கு மேல் எடுக்காது என்பதால் பெயரை அதற்குள் நிறுத்துங்கள். ஒரே ஹார்ட் டிஸ்க் பிரதியிலிருந்து இரண்டு கணினி போட்டிருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும். லயத்தில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் யார் குரல் கொடுப்பார் என்று சொல்ல முடியாது அல்லவா, ஒன்றின் பெயரை மாற்றுங்கள்.

பெயர் வருகிறது, கதவு திறக்கவில்லை

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு 2024 ஒக்டோபரில் வந்தது. அதற்கு மாறிய பிறகு ‘ஷெயர் போகவில்லை’ என்று வருகிற முறைப்பாடுகளில் பலவற்றுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. அந்தப் பதிப்பின் புரோ, என்டர்பிரைஸ், எடியுகேஷன் வகைகள், ஃபைல் பகிர்வின் ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையொப்பம் கேட்கின்றன. கடவுச்சொல் இல்லாத விருந்தாளி நுழைவையும் புரோ வகை ஏற்பதில்லை. ஹோம் வகைக்கு அந்தக் கையொப்பக் கட்டாயம் இல்லை. ஒரே கடையில் ஹோம் கணினி திறக்கிறது, புரோ கணினி திறக்கவில்லை என்ற புதிருக்கு விடை இதுதான். ‘அன்ஒதன்டிகேட்டட் கெஸ்ட் அக்சஸ்’ என்ற சொற்கள் பிழைச் செய்தியில் வந்தால் இந்தப் பகுதிதான் உங்களுக்கு.

இதற்குப் பாதுகாப்பைக் குறைக்கும் ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள் இணையத்தில் கிடைக்கும். வேண்டாம். கவுண்டர் கணினியில் பகிர்வுக்கென்று ஒரு பயனரை உருவாக்குங்கள்: செட்டிங்ஸ், ‘அக்கவுன்ட்ஸ்’, ‘அதர் யூசர்ஸ்’, ‘அட் அக்கவுன்ட்’. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் அந்த ஆளின் விபரம் இல்லை என்ற வரியை அழுத்தி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாத பயனர் என்பதை அழுத்துங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். பிறகு பகிரும் ஃபோல்டரை வலக்கிளிக் செய்து, ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ சாளரத்தின் ‘ஷெயரிங்’ தாவலில் உள்ள ‘ஷெயர்’ பொத்தானை அழுத்தி அந்தப் பயனருக்கு அனுமதி கொடுங்கள். உள்ளறையிலிருந்து திறக்கும்போது பயனர் பெயராகக் கவுண்டர் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, புதிய பயனரின் பெயர் என்று சேர்த்துத் தட்டி, நினைவில் வைக்கும்படி டிக் போடுங்கள்.

காலையில் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணை இங்கே தட்டினால் ஏற்காது. அது அந்த ஒரு கணினிக்குள் மட்டும் செல்லும். நெட்வொர்க் வழியாக நுழைய உண்மையான கடவுச்சொல்லே வேண்டும். பின் எண்ணைத் தட்டித் தட்டி, கணினி பழுது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு.

பழைய கடவுச்சொல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நுழைவு மறுக்கப்படும். கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ கீழே கவுண்டரின் பெயரில் உள்ளதை அகற்றுங்கள். பெயருக்கும் எண்ணுக்கும் தனித்தனிப் பதிவு இருக்கும். எண்ணால் திறந்து பெயரால் மறுக்கப்படும்போது இதையும் சந்தேகப்படுங்கள்.

எஸ்எம்பி1 மட்டும் தெரிந்த பழைய சேமிப்புப் பெட்டி இருந்தால், அதற்காகக் கணினியில் எஸ்எம்பி1ஐத் திரும்ப இயக்க வேண்டாம். 2017 மே மாதம் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வொன்னாக்ரை பரவியது அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டையால்தான். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் எஸ்எம்பி2 அல்லது 3 தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே உள்ளவற்றை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

பிரின்டர்

வைஃபை அல்லது கேபிளில் நேரே ரவுட்டரோடு இணைந்த பிரின்டர் ‘ஒஃப்லைன்’ என்று சாம்பல் நிறத்தில் கிடந்தால், அகற்றிவிட்டு மறுபடி சேர்ப்பது வழக்கம். அது அடுத்த அப்டேட் வரைதான் தாங்கும். செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, ‘பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’, உங்கள் பிரின்டர், ‘பிரின்டர் ப்ரொப்பர்ட்டீஸ்’, ‘போர்ட்ஸ்’ தாவல் என்று போங்கள். டிக் போட்ட வரியில் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் பெயர் இருந்தால், கணினி ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்துத்தான் பிரின்டரைத் தேடுகிறது. குரல் கேட்காத அன்று ஒஃப்லைன்.

‘அட் போர்ட்’ அழுத்தி, ‘ஸ்டான்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ தெரிவு செய்து, ‘நியூ போர்ட்’ கொடுத்து, பிரின்டரின் எண்ணைத் தட்டுங்கள். எண்ணைப் பிரின்டரின் சிறு திரையிலோ அது அச்சடித்துத் தரும் நெட்வொர்க் விபரத் தாளிலோ பார்க்கலாம். இதன் பின்னும் தாள் வருகிறது ஆனால் ஒஃப்லைன் என்றே காட்டுகிறது என்றால், ‘கொன்ஃபிகர் போர்ட்’ உள்ளே ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். ஆனால் பிரின்டரின் எண் மாறிவிட்டால் இதுவும் அறுந்துபோகும். அதற்கு மருந்து கடைசிப் பகுதியில் இருக்கிறது.

யூஎஸ்பியில் கவுண்டரோடு இணைத்துப் பகிர்ந்த பிரின்டரில், 11பி என்று முடியும் பிழை எண் வந்தால் பெயரைத் தொடாதீர்கள். 2021 செப்டெம்பர் அப்டேட்டிலிருந்து அச்சு இணைப்புக்குக் கூடுதல் பாதுகாப்புக் கேட்கிறார்கள். ஒரு கணினி புதிது, மற்றது பழையது என்றால் அங்கே முறியும். இரண்டுக்கும் அப்டேட்டை முழுமையாகப் போடுங்கள்.

எண்ணாலும் போகவில்லை: இரண்டு ரவுட்டர்

மலைச் சரிவில் சிக்னல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்த ஜன்னலில் 4ஜி ரவுட்டரை வைத்துவிட்டு, உள்ளறைக்கு எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரைக் கேபிளில் இழுத்துப் போடுவது நம் பக்கம் சாதாரணம். அந்தக் கேபிள் இரண்டாவது ரவுட்டரில் இன்டர்நெட் உள்ளே வருவதற்கான ‘வான்’ துவாரத்தில் சொருகியிருந்தால், அது தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் இன்டர்நெட் வரும், ஆனால் ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் கேட்காது. அப்டேட்டுக்கு முன் லெப்டொப் ஜன்னல் ரவுட்டரில் இருந்து, பிறகு உள்ளறை ரவுட்டரைத் தானாகப் பிடித்திருந்தால் அன்றே கோளாறு தொடங்கியிருக்கும்.

இரண்டாவது ரவுட்டரில் ‘அக்சஸ் பொயின்ட்’ முறை இருந்தால் அதைத் தெரிவு செய்தால் போதும். இல்லாவிட்டால், இணைக்கும் கேபிளைக் கழற்றிவிட்டு அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். முதல் ரவுட்டர் 192.168.8.1 என்றால் இதன் எண்ணை 192.168.8.2 ஆக்குங்கள், முதல் ரவுட்டர் மற்றக் கருவிகளுக்குப் பங்கிடும் எண் வரிசைக்குள் அது விழக்கூடாது. இதன் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு எண் பங்கிடும் வேலையை, நிறுத்துங்கள். இரண்டையும் சேமித்த பிறகே கேபிளை மாட்டுங்கள், வான் துவாரத்தில் அல்ல, ‘லான்’ என்று எழுதிய துவாரங்களில் ஒன்றில். டிஎச்சிபியை நிறுத்த மறந்து மாட்டினால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு எண் கொடுக்கும். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. கண்டுபிடிக்க மிகக் கடினமான கோளாறு அதுதான்.

ஒரே ரவுட்டராக இருந்தும் எண்ணால் போகவில்லை என்றால், கணினி கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் ‘ஏபி ஐசொலேஷன்’ இயங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாது.

உபுண்டு, மேக், போன்

உபுண்டுவை மேல்பதிப்புக்கு ஏற்றிய பிறகு லோக்கல் வால் பெயர்கள் மட்டும் போகாவிட்டால், அவாஹி-டீமன் என்ற சேவை இயங்குகிறதா என்று பாருங்கள். இடிசி அடைவில் உள்ள என்எஸ்ஸ்விட்ச் அமைப்புக் கோப்பின் ‘ஹோஸ்ட்ஸ்’ வரியில், ‘டிஎன்எஸ்’ என்ற சொல்லுக்கு முன் ‘எம்டிஎன்எஸ்4_மினிமல்’ இருக்க வேண்டும். மேக்ஓஎஸ் 15இலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் உள்ளூர் நெட்வொர்க் அனுமதி தனியாக வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி’, ‘லோக்கல் நெட்வொர்க்’ திறந்து உரிய செயலியை இயக்குங்கள். ஐபோனிலும் ஐஓஎஸ் 14 முதல் இப்படித்தான். முதன்முறை கேட்டபோது அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் பிரின்டர் செயலி எதையும் காணாது.

திரும்ப வராமல் இருக்க

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மின்னலுக்குக் கரண்ட் போய் வருவதும், நாமே ப்ளக்கைக் கழற்றி வைப்பதும் வழக்கம். ரவுட்டர் திரும்ப எழும்பும்போது பிரின்டருக்கும் கணினிக்கும் வேறு எண் போகலாம். ஆகவே பிரின்டருக்கும், ஃபோல்டர் பகிரும் கணினிக்கும் நிரந்தர எண் ஒதுக்குங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபியின் கீழ் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாட்டிக் பைன்டிங்’ என்று இருக்கும். கருவியின் மேக் முகவரியை ஓர் எண்ணோடு சேர்த்துப் பதியுங்கள். மேக் முகவரி என்பது இரண்டிரண்டாகப் பிரித்த 12 எழுத்துகள். கணினியில் ‘ஆல்’ சேர்த்த ஐபிகான்ஃபிக்கில் ‘ஃபிசிக்கல் அட்ரஸ்’ வரியில் இருக்கும். சில ரவுட்டர்கள் பங்கிடும் வரிசைக்கு உள்ளே உள்ள எண்ணைத்தான் ஏற்கும், சில வெளியே. ஏற்கவில்லை என்றால் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

கணினியில் எண்ணைக் கையால் போடுவதைவிட இது நல்லது, ஏனெனில் கணினியில் போட்டது டிரைவர் மாறும்போது அழிந்துபோகலாம். வைஃபை அமைப்பில் ‘ரேண்டம் ஹார்ட்வெயார் அட்ரசஸ்’ இயங்கினால் அணைத்துவிடுங்கள். முகவரி மாறிக்கொண்டே இருந்தால் ஒதுக்கிய எண் போய்ச் சேராது.

எண் நிலைத்த பிறகும் பெயர் அடம்பிடித்தால் மட்டும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று இறங்குங்கள். கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ தெரிவு செய்தால்தான் கோப்பு கண்ணில் படும். கடைசி வரியில் எண், ஓர் இடைவெளி, பெயர். வரியின் முன்னால் ஹாஷ் குறி இருக்கக்கூடாது. சேமிக்கும்போது டிஎக்ஸ்டி என்ற வாலும் ஒட்டக்கூடாது. இங்கே எழுதியது மற்ற எல்லா வழிகளுக்கும் முந்தி நிற்கும் என்பதால், பின்னொரு நாள் எண்ணை மாற்றினால் இந்த வரியையும் மாற்ற வேண்டும்.

ரவுட்டரின் ஒதுக்கீட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மின்னலில் ரவுட்டர் போய்ப் புதியது வாங்கினால் ஐந்து நிமிடத்தில் திரும்பப் பதியலாம். கருவியின் பெயர், எண், மேக் முகவரி, பிரின்டரின் போர்ட், பகிர்வுப் பயனரின் பெயர் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். மழைக்காலத்தில் சுவரில் ஒட்டிய தாள் ஈரத்தில் ஊறிப்போகும், ஆகவே லெமினேட் செய்து கவுண்டர் லாச்சியில் போடுங்கள். அடுத்த அப்டேட் போட்ட மறுநாள் காலையில், முதல் ஆள் வருவதற்கு முன் உள்ளறைக் கணினியிலிருந்து ஒரு சோதனைத் தாள் அச்சடித்து, கவுண்டரின் ஃபோல்டரைப் பெயரால் ஒரு தடவை திறந்து பாருங்கள்.